சஹனில் நாலாவது கை

ஓமானில் தும்ரைத் என்கிற ஊரைத் தாண்டுகிற வரைக்கும் நஜீஹாவுக்கு அந்தப் பச்சையில் நம்பிக்கையே இல்லை. துபாயிலிருந்து புறப்பட்டு ஒரு ராத்திரி முழுக்க வண்டி ஓடி, பொழுதும் விடிந்துவிட்டது. கண்ணாடிக்கு வெளியே மணல், மணலுக்கு அப்பாலும் மணல்தான். துபாயின் கராமாவில் துணிக்கடை வைத்திருக்கிற அவள் புருஷன் அப்துல் ஹாதி, ஸலாலாவில் இந்த மாசமெல்லாம் மழை தூறிக்கொண்டே இருக்கும், மலை முழுக்கக் காடு, காட்டுக்குள் ஆறு ஓடும் என்று சொன்னபோது, கடைக்கு வருகிறவர்களிடம் துணியை அளப்பதுபோல என்னிடமும் அளக்கிறார் என்றுதான் நினைத்தாள்.

மலை முகட்டில் ரோடு ஒரு வளைவு திரும்பியது. வண்டி மேகத்துக்குள் போய்விட்டது.

டிரைவர் கார்மேகம் பட்டப்பகலில் விளக்கைப் போட்டு, ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கினான். ஈர மண்ணின் மணம் உள்ளே வந்தது. பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த லுக்மான் அந்த மணத்துக்கே கண் விழித்தான்.

லுக்மானுக்காகத்தான் இந்தப் பயணம். நஜீஹாவின் ஒரே தம்பி. உம்மா மவுத்தாகும்போது அவன் நடக்கக்கூடப் பழகவில்லை. இடுப்பில் தூக்கி வைத்து வளர்த்தவள் அவள். விசிட் விசாவில் ஒரு மாசம், லாத்தா என்று அவன் கூப்பிடுகிற அக்காளின் வீட்டில் இருந்துவிட்டு அடுத்த வாரம் கீழக்கரைக்குத் திரும்பப் போகிறான். நோன்புப் பெருநாள் முடிந்ததும் அஃப்னாவோடு நிக்காஹ். பந்தலுக்குக்கூடச் சொல்லியாகிவிட்டது. மாப்பிள்ளைப் பையனை ஒரு கீறல் இல்லாமல் அனுப்பி வைக்க வேண்டும் என்று வாப்பா போனில் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அது அவள் நெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

கூட வந்தவர் ஹாதியின் அண்ணன், மூத்த காக்கா ஹபீப் முகம்மது. பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில். தனியாக உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட அவரால் முடியாது. கடைப் பையன்களில் எவனையாவது பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டால்தான் சோறு இறங்கும்.

ஆற்றங்கரைப் பூங்காவின் முகப்பில் பிள்ளை குட்டிகளோடு நிறையக் கூட்டம். சத்தம் வேண்டாம், இன்னும் உள்ளே போவோம் என்று ஹபீப்தான் சொன்னார். தார் ரோடு முடிந்து, மண்தடம் முடிந்து, தடமே இல்லாத இடத்தில் கார்மேகம் வண்டியை நிறுத்தினான். கடைசியாக ஒரு சிமென்ட் பெஞ்சும் கூரையும் இருந்தன. அதற்கப்பால் பாசி தொங்குகிற அத்தி மரங்கள். மரங்களுக்குப் பின்னால், பார்க்க முடியாமல், ஆறு ஓடுகிற சத்தம் மட்டும். இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. மழை பெய்கிறதா, பெய்து முடிந்ததா என்று சொல்ல முடியவில்லை. செல்போனில் சிக்னல் இல்லை.

ஆண்கள் வழியில் ஒரு பள்ளியில் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்திருந்தார்கள். கூடாரம் இரண்டும் எழும்புவதற்குள் நஜீஹா கேஸ் அடுப்பில் நெய்ச்சோறு தம் போட்டுவிட்டாள். கறியை வீட்டிலேயே மசாலா தடவி ஐஸ் பெட்டியில் கொண்டுவந்திருந்தாள். வெந்ததும் அந்த வாசம் பனிமூட்டத்தில் கலையாமல் தலைக்கு மேலேயே தொங்கி நின்றது.

பாயை விரித்தாள். நடுவில் சஹனை வைத்தாள்.

அவர்கள் ஊரில் விருந்துச் சோறு தனித்தனித் தட்டில் கிடையாது. ஒரு பெரிய சஹன், அதைச் சுற்றி நாலு பேர். அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் எடுத்துச் சாப்பிட வேண்டும். அடுத்தவர் முகத்தைப் பார்த்துச் சாப்பிடக் கூடாது. விருந்தாளி கை நிற்காமல் வீட்டுக்காரர் கையை எடுக்கக் கூடாது. ஹபீப் இதிலெல்லாம் ரொம்பக் கண்டிப்பு. துபாயிலிருந்து இத்தனை தூரத்துக்கும் சஹனைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் அவர்தான்.

நாலாவது ஆள் கார்மேகம் என்பதுதான் கணக்கு. அவனோ தூக்குவாளியைத் திறந்துகொண்டு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். ஆடி வெள்ளி, கறி தொடமாட்டேன், தயிர்ச்சோறு கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன் என்றான்.

"ஏன்டா கார்மேகம், முதுகுளத்தூர்ல இருக்குற ஒங்க அம்மனுக்கு ஓமான்ல நடக்குறது தெரியவா போகுது?" என்றார் ஹபீப்.

"அவளுக்கு விசா வேணாம் பாய்," என்றான் அவன், வாயில் சோற்றோடு.

எல்லோரும் சிரித்தார்கள். மூன்று பேராகவே உட்காருவோம், சோறு ஆறுகிறது என்று ஹாதி சொல்லிப் பார்த்தார். நஜீஹாவை உட்காரச் சொல்ல முடியாது. மூத்த மச்சான் இருக்கிற சஹனில் அவள் கை வைக்க மாட்டாள். ஹபீப் கேட்கவில்லை. ஊரில் கல்யாண வீட்டில் சஹனுக்கு ஆள் குறைந்தால் வாசலில் நின்று தெருவைப் பார்த்து ஒரு குரல் கொடுப்பார்கள். போகிறவர் வருகிறவர் யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார். அதே பழக்கத்தில் ஹபீப் பாயின் ஓரத்துக்குப் போய், அத்தி மரங்களைப் பார்த்து, இரண்டு கையையும் வாய்க்குக் குவித்தார்.

"சஹன்ல ஒரு ஆளு கொறையுது. யாரா இருந்தாலும் வாங்க, சாப்புட."

குரலை மூட்டம் அப்படியே வாங்கிக்கொண்டது. எதிரொலி இல்லை.

ஆற்றுச் சத்தம் நின்றிருந்தது. அதை நஜீஹா பிறகுதான் நினைத்துப் பார்த்தாள்.

"வாரேன்."

மரங்களுக்குள்ளிருந்து வந்தது. அவசரமில்லாத குரல். அவர்கள் ஊர்க்காரர் சொல்கிற அதே இழுப்பு. ஹபீப்புக்கு வாயெல்லாம் பல். காட்டுக்குள்ளே வந்தும் நம்ம ஊர் ஆள் ஒருத்தன் கிடைச்சான் பாரு என்று தம்பியின் தோளில் தட்டினார்.

வந்தவர் உயரம். இடுப்பில் ஈரக் கைலி, தலையிலிருந்து தாடை வரைக்கும் தொங்குகிற ஒரு பழுப்புத் துணி. வெறும் கால். சலாம் சொல்லவில்லை. நேராக வந்து, லுக்மானுக்கும் ஹபீப்புக்கும் நடுவில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தார். மற்றவர்களுக்குக் கை கழுவ ஊற்றிவிட்டு நஜீஹா கெண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அவருக்கு ஊற்றக் குனிவதற்குள் கை சோற்றுக்குள் போய்விட்டது.

அந்தக் கையை அவள் பார்த்தாள். நாளெல்லாம் தண்ணீரில் ஊறப்போட்டதுபோல வெளுத்து, சுருங்கி, விரல்கள் வேண்டியதைவிட நீண்டிருந்தன. நகம் மாட்டுக் கொம்பின் நிறம். ஆற்றுச் சேறும், ஈரத்தில் படுத்த மிருகமும் சேர்ந்து வருகிற ஒரு வாடை.

ஹபீப் எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்றெல்லாம் விசாரித்தார். பதில் வரவில்லை. பசி போலிருக்கிறது, சாப்பிட்டதும் பேசட்டும் என்று விட்டுவிட்டார். சஹனில் உட்கார்ந்த மூன்று பேரும் வழக்கப்படி குனிந்து தங்கள் தங்கள் முன்னால் இருந்ததைப் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

கார்மேகம் மட்டும் பெஞ்சிலிருந்து நஜீஹாவைக் கையசைத்துக் கூப்பிட்டான். அவன் தயிர்ச்சோறு அப்படியே இருந்தது.

"அக்கா, அந்தாளு சோத்த முழுங்கல."

"என்ன தம்பி சொல்றிய?"

"வாய்க்குப் போகுது, கீழ வந்துருது. பாய்ல பாருங்க."

பார்த்தாள். அவர் மடியைச் சுற்றிப் பாயில் நெய்ச்சோறு குவிந்து கிடந்தது. ஒரு பருக்கைகூட நசுங்கவில்லை. கறித்துண்டு மட்டும் கீழே வரவில்லை. எலும்பும் வரவில்லை. துணிக்குள்ளிருந்து அது நொறுங்குகிற சத்தம் வந்தது. கடிக்கிற சத்தம் ஒரே இடத்திலிருந்து வரவில்லை.

அவள் புருஷனைக் கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் ஹபீப் தலை நிமிராமலே இன்னும் கறி கொண்டுவா என்று கை காட்டினார். கொண்டுபோய்ப் போட்டாள். அந்தக் கை அள்ளியது. மறுபடி போட்டாள். மறுபடி அள்ளியது. ஹாதிக்கும் லுக்மானுக்கும் வயிறு நிறைந்து வெகுநேரம் ஆகியிருந்தது. விருந்தாளி கை நிற்காததால் இருவரும் சும்மா சோற்றைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லுக்மானின் முகம் வெளுத்திருந்தது. அவனுக்கும் ஏதோ தெரிந்துவிட்டது. ஆனால் மாப்பிள்ளையாகப் போகிற பையன், பெரியவர்கள் எழாமல் எப்படி எழுவான்?

சட்டியை அகப்பை சுரண்டியது.

"கறி முடிஞ்சிருச்சு மச்சான்," என்றாள் நஜீஹா.

அந்தக் கை முதல் தடவையாக நின்றது.

வெறும் சஹனின் மேல் ஒரு சுற்றுச் சுற்றியது, தடவிப் பார்ப்பதுபோல. ஹபீப்பின் பக்கம் போனது. திரும்பியது. லுக்மானின் வலது கை சஹனின் விளிம்பில் இருந்தது, நெய் மினுங்க.

அதை எடுத்துத் துணிக்குள் கொண்டுபோனது.

கரும்பு ஒடிகிற சத்தம்.

லுக்மான் அலறியது எப்படி என்று நஜீஹா இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவன் கையை இழுத்தான். கை வந்தது, இரண்டு விரல் வரவில்லை. சஹன் முழுக்க ரத்தம் பீறிட்டது. அது மீண்டும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, துணி மூடிய முகத்தை அந்தக் கையின் மேல் இறக்கியது.

ஹபீப் எழுந்தார். தடித்த உடம்பு, ஆனால் பயமில்லாத மனுசன். இரும்புச் சட்டியைத் தூக்கி அதன் மண்டையில் இறக்கினார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுவரை மடிக்குள் மறைத்து வைத்திருந்த இடது கையை வெளியே எடுத்தது. ஹபீப்பின் தாடையை ஒரு பழத்தைப் பறிப்பதுபோலப் பிடித்துத் திருகியது. அவர் முகம் முதுகுப் பக்கம் போயிற்று. உடம்பு மட்டும் சற்று நேரம் நின்றுவிட்டுப் பாயில் விழுந்தது, சோற்றின் மேல்.

ஹாதி மச்சினனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் இழுத்தார். அது ஒரு உதறு உதறியது. அவர் தோள் கழன்று, கூடாரத்தோடு சுருண்டுபோய் விழுந்தார்.

கார்மேகம் ஜாக்கி லீவரோடு ஓடிவந்தான். குலதெய்வத்தின் பேரைச் சொல்லிக்கொண்டே அடித்தான். துணி கிழிந்து தொங்கியது.

துணிக்குக் கீழே கண்ணுக்கு இடமில்லை. எல்லாம் வாயாகவே இருந்தது.

கார்மேகத்தின் கை தளர்ந்தது அந்த நொடிதான். அது போதுமானதாக இருந்தது. அது தள்ளியதில் விலா எலும்பு முறிந்து, அவன் பெஞ்சின் மேல் போய் மோதினான்.

பிறகு அது லுக்மானின் மணிக்கட்டைப் பிடித்தபடி, ஆட்டுக்குட்டியை இழுத்துப் போகிறவன்போல, அவசரமில்லாமல் மரங்களைப் பார்த்து நடந்தது. லுக்மான் ஈர இலைகளில் கிடந்தவாறே போனான். அலறல் நின்று முனகல் ஆகியிருந்தது. லாத்தா, லாத்தா என்று. சின்னப் பிள்ளையில் காய்ச்சலில் கிடந்தபோது கூப்பிட்ட அதே மாதிரி.

நஜீஹா பின்னால் ஓடினாள்.

கையில் கத்தி எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்து என்ன செய்ய? இரும்பால் அடித்தே ஆகவில்லை. அவள் கண் அதன் முதுகில் இல்லை, தம்பியின் மணிக்கட்டைப் பிடித்திருந்த அந்த வலது கையிலேயே இருந்தது. சோறும் நெய்யும் ரத்தமும் முழங்கை வரைக்கும் வழிந்தன. எச்சில் கை. இன்னும் கழுவாத கை.

கை கழுவாதவரைக்கும் சாப்பாடு முடியவில்லை.

பித்துப் பிடித்தவள்போல அவளுக்கு அது ஒன்றுதான் தோன்றியது. நாமாகக் கூப்பிட்டோம், நம் பாயில் உட்கார வைத்தோம், நம் சஹனில் கை வைத்தது. விருந்தென்று வந்ததை விருந்தென்றுதான் முடிக்க வேண்டும். அவர்கள் வீட்டில் கெண்டித் தண்ணீர் விழுந்தபின் ஒரு பருக்கையையும் யாரும் தொட்டதில்லை.

திரும்பி ஓடிவந்து கெண்டியை எடுத்துக்கொண்டாள்.

ஆறு எதிர்பார்த்ததைவிடப் பெரியது. பால் நிறத்தில், சத்தமில்லாமல் ஓடியது. அது இடுப்பளவு தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. லுக்மானின் தலை அமிழ்ந்து அமிழ்ந்து வந்தது. நஜீஹா இறங்கினாள். குளிர் கணுக்காலைக் கடித்தது. அதைச் சுற்றி வந்து, எதிரே நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை. சஹனில் பார்க்கக் கூடாது என்று பழகிய கண், அன்றைக்கு அவளைக் காப்பாற்றியது.

"சாப்பாடு முடிஞ்சிருச்சு. கைய நீட்டுங்க, தண்ணி ஊத்துறேன்."

நின்றது.

எங்கோ ஒரு இலையிலிருந்து சொட்டு விழுந்தது. கேட்டது.

மெதுவாக இடது கையை நீட்டியது.

வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற குரலை அவள் எப்படியோ பிடித்துக்கொண்டாள்.

"அது இல்ல. சாப்புட்ட கை."

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. நீண்ட விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. லுக்மான் தண்ணீரில் சரிந்து கரைப் பக்கம் ஒதுங்கினான். கரையில் வயிற்றால் ஊர்ந்து வந்திருந்த கார்மேகம் அவன் சட்டையைப் பற்றி இழுத்துக்கொண்டான்.

அவள் ஊற்றினாள். ரத்தம் கரைந்து போனது. நெய் போனது. விரல் இடுக்கில் ஒட்டியிருந்த பருக்கைகள் போயின. அந்தக் கை பிள்ளையின் கைபோல ஆடாமல் அசையாமல் நீண்டிருந்தது. கெண்டி காலியானபின்னும் நீண்டே இருந்தது. அவளுக்கு விளங்கியது. தலையில் கிடந்த துப்பட்டாவின் முந்தியை நீட்டினாள். துடைத்துக்கொண்டது.

பிறகு திரும்பி, ஆற்றின் மேல்வாட்டம் பார்த்து நடந்தது. தண்ணீர் அதற்காக விலகவில்லை. விருந்தாளி எழுந்து போகும்போது, மறுபடியும் வாங்க என்று சொல்கிற வார்த்தை அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கினாள்.

மூட்டம் மூடிக்கொண்டது. ஆற்றுச் சத்தம் திரும்ப வந்தது.

எப்படி அங்கிருந்து வந்தார்கள் என்பது பெரிய கதை. முறிந்த விலாவோடு கார்மேகம்தான் வண்டியை ஓட்டினான். போலீஸ்காரர்கள் வந்து பார்த்தார்கள். இந்த மலையில் இன்னும் சிறுத்தை இருக்கிறது என்று அவர்களில் பெரியவர் சொன்னார். சிறுத்தை கழுத்தைத் திருகுமா என்று யாரும் கேட்கவில்லை. அவரும் இவர்கள் கண்ணைப் பார்க்காமல்தான் சொன்னார்.

மறுநாள் காலையில் நஜீஹா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். ஹபீப் பிணவறையில். ஹாதிக்குத் தோளில் கட்டு, கீழ் வார்டில். லுக்மானுக்கு ஆபரேஷன் முடிந்து, இரண்டு விரல் போனாலும் உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் விடியவிடிய அழுதிருந்தாள். தம்பி இருக்கிறான். வாப்பாவிடம் சொல்லிக்கொள்ளலாம், தம்பி இருக்கிறான். நிக்காஹ் நடக்கும். விரல் இல்லாவிட்டால் என்ன, அஃப்னா நல்ல பெண்.

லுக்மான் கண் விழித்துவிட்டான் என்று கேள்விப்பட்டு எழுந்தாள். பக்கத்தில் நெஞ்சைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்த கார்மேகம் அவளைத் தாங்கிக்கொண்டு வந்தான். வாசலில் மலையாளத்து நர்ஸ் கையால் மறித்தாள்.

"ஒரு ஆளுக்கு மாத்திரம்தான் உள்ளே அனுமதி, சேச்சி. அகத்து ஏற்கெனவே ஒரு ஆள் உண்டு. அவர் வெளியே வந்தபின் போகலாம்."

நஜீஹா கார்மேகத்தைப் பார்த்தாள். கார்மேகம் நஜீஹாவைப் பார்த்தான்.

நர்ஸைத் தள்ளிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

அறையில் வெயில் இல்லை. லுக்மான் மருந்து மயக்கத்தில் தலையணையில் சாய்ந்திருந்தான். முகத்தில் களைப்பு, பயமில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, காலியாக. அதன் இருக்கையிலிருந்து தரைக்குத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இப்பதான் போறாக லாத்தா," என்றான் லுக்மான், நாக்குக் குழற. "கல்யாணத்துக்கு வரட்டுமான்னு கேட்டாக. கல்யாணச் சோத்துக்கு வாரேங்குறவங்கள எப்படி மாட்டேன்னு சொல்றது? வாங்கன்னு சொல்லிட்டேன்."

அவள் அவன் வாயைப் பொத்தப் போனாள். அவன் அந்தக் கையை விலக்கிவிட்டு, நல்ல செய்தி சொல்கிறவன்போலச் சிரித்தான்.

"எத்தன பேருன்னு கேட்டேன் லாத்தா. ஒரு சஹன் பத்தாதுன்னாக."